ரெக்ரூட்டரின் கேள்விகளுக்கு ஒரு பயிற்சிச் சேவை: 5,310 ரூபாய்க்கு என்ன கிடைத்தது?

பத்தொன்பது மாத இடைவெளிக்குப் பிறகு மென்பொருள் சோதனைத் துறையில் மறுபடியும் வேலை தேடத் தொடங்கியபோது, தொழில்நுட்பத் தேர்வில்தான் தடுமாறுவேன் என்று பயந்திருந்தேன். நடந்தது வேறு. முதல் மூன்று வாரங்களில், நிறுவனங்களுக்கு ஆள் தேடித் தரும் ரெக்ரூட்டர்கள் ஒன்பது பேர் தொலைபேசியில் அழைத்தார்கள். ஒன்பது அழைப்புகளும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துபோயின. "பார்த்துவிட்டுச் சொல்கிறோம் மேடம்" என்றதோடு சரி, ஒருவர்கூடத் திரும்ப அழைக்கவில்லை. சோதனைகளைத் தானாக இயங்கவைக்கும் செலினியம் கருவியிலும் ஜாவா மொழியிலும் ஐந்தரை ஆண்டு வேலை செய்தவளுக்கு, அந்த வேலையைப் பற்றி ஒரு கேள்வி வருவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிடுகிறதே என்ற ஆற்றாமையில்தான், ரெக்ரூட்டர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லப் பழக்கும் ஒரு சேவையில் பணம் கட்டிச் சேர்ந்தேன். பயிற்சி முடிந்தபின் பதினோரு உண்மையான அழைப்புகளையும் எதிர்கொண்டுவிட்டு இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

சேவையை நடத்துவது சென்னை வேளச்சேரியில் உள்ள ஒரு சிறிய பயிற்சி நிலையம். அதன் பெயரை எழுதவில்லை. கடுமையான குறை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பது ஒரு காரணம். ஏறத்தாழ இதே அமைப்பில் பயிற்சி தரும் இடங்கள் பல ஊர்களிலும் இணைய வழியிலும் இருப்பதால், எதில் சேர நினைப்பவருக்கும் இந்தக் குறிப்புகள் உதவும் என்பது இன்னொன்று. கட்டணம் 4,500 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 5,310. அதற்கு இரண்டு சனிக்கிழமை வகுப்புகள், பயிற்சியாளர் ரெக்ரூட்டரைப் போலவே அழைத்துப் பேசும் மூன்று பயிற்சி அழைப்புகள், ஒவ்வோர் அழைப்பின் ஒலிப்பதிவும் அதன் மீதான குறிப்புகளும், 'ஆன்சர் பேங்க்' என்ற பெயரில் 60 பக்கப் பிடிஎஃப் கோப்பு ஒன்று ஆகியவை கிடைக்கின்றன. என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த மூன்று அழைப்புகளுக்காக மட்டுமே முழுக் கட்டணத்தையும் தாராளமாகக் கொடுக்கலாம், வகுப்புகள் சுமார், ஆன்சர் பேங்கைத் திறக்காமல் இருப்பதே நல்லது.

முதல் பயிற்சி அழைப்பு எந்த நாளில் வரும் என்று சொல்ல மாட்டார்கள். "இந்த வாரத்தில் ஒருநாள்" என்பது மட்டுமே அறிவிப்பு. எனக்கு அது வியாழக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு வந்தது. அடுப்பில் குக்கர் இரண்டாவது விசிலை விட்டுக்கொண்டிருந்தது. நான் ஒரு கையில் கரண்டியோடு "சொல்லுங்க, பேசலாம்" என்று சொல்லிவிட்டேன். பிறகு ஒலிப்பதிவைக் கேட்டபோது, அடுத்த இரண்டு விசில்களும் என் பதில்களுக்கு நடுவே தெளிவாகக் கேட்டன. பயிற்சியாளர் இதற்காக என்னைக் குறைசொல்லவில்லை. எந்த நிறுவனத்துக்கு, எந்தப் பதவிக்கு, எந்த ஊரில் வேலை என்ற மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டு, பதினைந்து நிமிடம் கழித்து அழைக்கும்படி சொல்வதில் எந்தத் தவறும் இல்லை என்றும், அப்படிச் சொன்னதற்காக யாரையும் தன் பட்டியலிலிருந்து தான் நீக்கியதில்லை என்றும் சொன்னார். அவர் பன்னிரண்டு ஆண்டுகள் ஆளெடுப்பு நிறுவனங்களில் ரெக்ரூட்டராக இருந்தவர். இதைச் சொன்னது அவர் என்பதால்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற முதல் கேள்விக்கு நான் மூன்று நிமிடம் நாற்பது விநாடி பேசியிருந்தேன். ஊர், கல்லூரி, கல்லூரியின் இறுதியாண்டு ப்ராஜெக்ட், முதல் வேலையில் கைமுறைச் சோதனை, அடுத்த வேலை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டுபோய், இப்போது எனக்கு என்ன தெரியும் என்பதை எட்டியபோது இரண்டு நிமிடம் ஐம்பது விநாடி ஆகியிருந்தது. பயிற்சியாளர் அந்த இடத்தில் பதிவை நிறுத்தி, "மேடம், இதுவரைக்கும் நான் எதையுமே எழுதலை" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கே கொடுத்த பணம் தகும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அவர் எழுதவில்லை என்று சொன்னது எதில் என்பதை மறுநாள் காணொளி அழைப்பில் திரையில் திறந்து காட்டினார். ரெக்ரூட்டர்கள் 'டிராக்கர்' என்று சொல்லும் எக்செல் தாள் அது. பெயர், மொத்த அனுபவம், தொடர்புடைய அனுபவம், தற்போதைய நிறுவனம், தற்போதைய சிடிசி (நிறுவனம் ஓர் ஆண்டில் நமக்காகச் செலவிடும் மொத்தத் தொகை), எதிர்பார்க்கும் சிடிசி, நோட்டீஸ் பீரியட் (ராஜினாமா கொடுத்த பிறகும் வேலை செய்ய வேண்டிய காலம்), கடைசி வேலை நாள், இருக்கும் ஊர், வேலை செய்ய விரும்பும் ஊர், மாறுவதற்கான காரணம், கையில் உள்ள ஆஃபர், நேர்காணலுக்கு வசதியான நேரம், ரிமார்க்ஸ் என்று பதினான்கு கட்டங்கள். என் வரிசையில் ஆறு கட்டங்கள் காலியாக இருந்தன. ரிமார்க்ஸ் கட்டத்தில், ரெக்ரூட்டர்கள் எழுதும் அதே பாணியில், "கம்யூனிகேஷன் குட். எக்ஸ்பெக்டேஷன் நாட் கிளியர். கேப் நாட் எக்ஸ்ப்ளெயின்ட்" என்று இருந்தது. நான் எட்டு ஆண்டுகள் செய்த வேலை, தேர்வு செய்யும் மேலாளரின் கண்ணுக்கு இந்த மூன்று துண்டுகளாகத்தான் போய்ச் சேரும் என்பதை அந்தத் தாளைப் பார்த்த பிறகே உணர்ந்தேன்.

இந்தச் சேவையின் உண்மையான மதிப்பு இந்த ஒரு தாளில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. ரெக்ரூட்டரின் கேள்விகளை நம் குணத்தை அளக்கும் பரீட்சையாக நினைத்து நாம் அழகான பதில்களைத் தேடுகிறோம். அவரோ ஒரு நாளில் பலரை அழைத்து, கட்டங்களை நிரப்பி, மாலைக்குள் அனுப்ப வேண்டிய அவசரத்தில் இருக்கிறார். பெரும்பாலான ரெக்ரூட்டர்களுக்கு நிரல் எழுதத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. அவர் அப்படியே தட்டச்சு செய்துகொள்ளக்கூடிய வடிவில் பதிலைக் கொடுப்பது அவருக்குச் செய்யும் உதவி. நமக்கும் அதுவே பாதுகாப்பு, ஏனென்றால் நாம் விட்ட இடத்தை அவர் ஊகத்தால் நிரப்ப வேண்டியிருக்காது.

இப்போது அந்த முதல் கேள்விக்கு நான் சொல்வது ஒரு நிமிடத்துக்கு மேல் போவதில்லை. ஆட்டோமேஷன் டெஸ்டர், மொத்த அனுபவம் எட்டு ஆண்டு இரண்டு மாதம், அதில் ஆட்டோமேஷன் ஐந்தரை ஆண்டு, செலினியம், ஜாவா, டெஸ்ட் என்ஜி, ஜென்கின்ஸ், கடைசியாக வங்கித்துறை வாடிக்கையாளர் ஒருவருக்கான பணப் பரிமாற்றச் செயலியில், நான்கு பேர் கொண்ட குழுவில் ரெக்ரஷன் சோதனைத் தொகுப்பைப் பராமரித்தேன், கடந்த நான்கு மாதங்களாக ப்ளேரைட் என்ற சோதனைக் கருவியைக் கற்றுப் பயிற்சி செய்கிறேன், உடனடியாகச் சேர முடியும். மொத்த அனுபவத்தையும் தொடர்புடைய அனுபவத்தையும் பிரித்துச் சொல்வது முக்கியம் என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். கைமுறைச் சோதனையில் கழித்த ஆண்டுகளையும் சேர்த்து "எட்டு ஆண்டு" என்று மொத்தமாகச் சொன்னால், தொழில்நுட்பச் சுற்றில் எட்டு ஆண்டு ஆட்டோமேஷன் செய்தவரிடம் கேட்கும் கேள்விகள் வரும். பழைய ஒன்பது அழைப்புகளிலும் நான் அதைத்தான் செய்திருந்தேன்.

சம்பளக் கேள்விக்கு வருகிறேன். மூன்று அழைப்புகளிலும் அதிக நேரம் எடுத்ததும், நான் அதிகம் கற்றுக்கொண்டதும் இதில்தான். "எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?" என்றதும் நான் "அஸ் பெர் கம்பெனி நார்ம்ஸ்" என்று சொன்னேன். நம்மில் பலரும் பணிவு என்று நினைத்துச் சொல்லும் பதில் இது. கேட்பவருக்கு அது ஒரு காலிக் கட்டம். அவரிடம் அந்தப் பதவிக்கென்று ஒதுக்கிய தொகை ஒன்று இருக்கிறது. நம் எதிர்பார்ப்பு அதற்குள் வருமா வராதா என்று தெரியாத ஒருவரை மூன்று சுற்றுகள் நடத்தி, கடைசியில் சம்பளம் படியாமல் இழப்பதைவிட, எண்ணைச் சொன்ன அடுத்த ஆளை அனுப்புவது அவருக்கு எளிது.

எண்ணைச் சொல்ல வேண்டுமென்றால், முதலில் அந்த எண்ணைப் பற்றி நமக்கே தெளிவு வேண்டும். இதற்காகப் பயிற்சியாளர் என் பழைய ஆஃபர் லெட்டரின் இணைப்புப் பக்கத்தை எடுத்துவைக்கச் சொல்லி, அரை மணி நேரம் என்னோடு உட்கார்ந்து கணக்குப் போட்டார். என் கடைசி சிடிசி ஆண்டுக்கு 12 லட்சம். அதில் 10 சதவீதம், அதாவது 1,20,000, செயல்திறனைப் பொறுத்துத் தரும் வேரியபிள். அடிப்படைச் சம்பளம் 40 சதவீதம், 4,80,000. வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனம் செலுத்தும் பங்கு, 15,000 ரூபாய் என்ற சட்டபூர்வ உச்சவரம்பின் மீது 12 சதவீதமாக மாதம் 1,800, ஆண்டுக்கு 21,600. கிராஜுவிட்டி என்ற பணிக்கொடைக்காக அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம், 23,088. பொதுவாக ஐந்து ஆண்டு தொடர்ந்து பணியாற்றியவருக்கே கிடைக்கும் தொகையென்றாலும் இதுவும் சிடிசிக்குள்தான் உட்கார்ந்திருந்தது. வேரியபிள், வைப்பு நிதிப் பங்கு, கிராஜுவிட்டி மூன்றையும் கழித்தால் 10,35,312, மாதத்துக்கு 86,276. என் பங்காகப் பிடிக்கும் 1,800 போக, தொழில் வரி போன்ற சிறு பிடித்தங்களுக்கு முன் கைக்கு வருவது 84,476 ரூபாய்.

இதே 12 லட்சத்தில், வைப்பு நிதியை உச்சவரம்பின்மீது கணக்கிடாமல் முழு அடிப்படைச் சம்பளத்தின் மீதும் கணக்கிடும் நிறுவனம் என்றால், நிறுவனத்தின் பங்கு ஆண்டுக்கு 57,600 ஆகிவிடும். நம்மிடம் பிடிப்பதும் மாதம் 4,800 ஆகும். அப்போது கைக்கு வருவது 78,476. சிடிசி எண் மாறவே இல்லை, மாதச் சம்பளத்தில் 6,000 ரூபாய் வித்தியாசம். அந்தப் பணம் நம் வைப்பு நிதிக் கணக்கில்தான் சேர்கிறது, எங்கும் போய்விடவில்லை. ஆனால் வீட்டு வாடகையையும் கடன் தவணையையும் மாதச் சம்பளத்திலிருந்து கட்டுகிறவருக்கு இந்த வித்தியாசம் பெரிது. வருமான வரியின் கணக்கும் கூடவே வரும்: 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில் 12 லட்சம் வரையிலான வரிக்குரிய வருமானத்துக்கும், சம்பளக்காரர்களுக்கு 75,000 ரூபாய் நிலைக்கழிவு சேர்த்து 12,75,000 வரைக்கும் வரி இல்லை என்பதால், அந்த எல்லையைச் சற்றே தாண்டும் ஆஃபருக்கும் உள்ளே நிற்கும் ஆஃபருக்கும் கையில் கிடைப்பதை ஒப்பிட்டுப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

இந்தக் கணக்கு தெரிந்த பிறகு பதில் தானாகவே வந்தது. "கடைசியாக வாங்கியது 12 லட்சம், அதில் 10.8 ஃபிக்ஸட், 1.2 வேரியபிள். இப்போது ஃபிக்ஸட் 13.5 எதிர்பார்க்கிறேன்." ஃபிக்ஸட், வேரியபிள் என்று பிரித்துச் சொன்னதும் எதிர்முனையில் பேச்சின் தொனியே மாறுவதைப் பலமுறை கவனித்தேன். எண்ணைச் சொல்வதற்கு முன், "இந்தப் பதவிக்கு என்ன பட்ஜெட் வைத்திருக்கிறீர்கள் என்று சொல்ல முடியுமா?" என்று ஒரே ஒருமுறை கேட்கவும் பயிற்சியாளர் கற்றுக்கொடுத்தார். உண்மையான பதினோரு அழைப்புகளில் ஐந்து பேர் சொல்லிவிட்டார்கள். சொல்லாதவரிடம் இரண்டாம் முறை கேட்கக் கூடாது, உடனே நம் எண்ணைச் சொல்லிவிட வேண்டும் என்பதும் அவர் சொன்னதே. அது சரியான அறிவுரை என்றே அனுபவத்தில் கண்டேன்.

கடைசிச் சம்பளத்தைக் கூட்டிச் சொல்லலாமா என்று வகுப்பில் ஒருவர் கேட்டார். கூடாது; மூன்று மாதச் சம்பளச் சீட்டும், வங்கிக் கணக்கு விவரமும், வரிப் பிடித்தச் சான்றான படிவம் 16-உம் கேட்கும் நிறுவனங்களில் அது சில நாட்களிலேயே தெரிந்துவிடும், ஆஃபர் கையில் வந்த பிறகும் ரத்தாகும் என்று பயிற்சியாளர் ஒளிவுமறைவின்றிச் சொன்னார்.

நோட்டீஸ் பீரியட் பற்றிய பகுதி எனக்குத் தேவைப்படவில்லை. ஆனால் வேலையில் இருந்துகொண்டே தேடுகிறவர்களுக்கு இதுவே பெரிய தடை. நம் பெரிய ஐடி நிறுவனங்கள் பலவற்றில் அது 90 நாள். ஆளை எடுக்கும் நிறுவனமோ 30 நாளுக்குள் வரச் சொல்கிறது. இந்த இடத்தில் "பேசிப் பார்க்கலாம்" என்ற பதில் எந்தக் கட்டத்துக்கும் பொருந்தாது. ஒப்பந்தப்படி எத்தனை நாள், ராஜினாமா கொடுத்தாயிற்றா, கொடுத்திருந்தால் கடைசி வேலை நாள் எது, மீதி நாட்களுக்குப் பணம் கட்டி முன்கூட்டியே விலகும் பைஅவுட் வசதி ஒப்பந்தத்தில் உண்டா, அந்தப் பணத்தைப் புதிய நிறுவனம் தருமா என்ற ஐந்தையும் தாளில் எழுதிவைத்துக்கொண்டு பேசச் சொன்னார்கள். எங்கள் குழுவில் இருந்த ஒரு இளைஞர், 90 நாளை 45 நாளாகக் குறைத்துவிடலாம் என்று தன் குழுத் தலைவர் வாய்மொழியாகச் சொன்னதை நம்பி, முந்தைய ஆஃபர் ஒன்றில் அந்தத் தேதியைக் கொடுத்துவிட்டு, பணியிலிருந்து விடுவிக்கும் ரிலீவிங் லெட்டர் கிடைக்காமல் அந்த வேலையை இழந்தவர். மின்னஞ்சலில் இல்லாத வாக்குறுதியைத் தேதியாகச் சொல்லக் கூடாது என்பதற்கு அவர் கதையே பாடமாக இருந்தது.

இனி அந்தக் கடுமையான குறை. என் இடைவெளிக்குக் காரணம் எளிமையானது. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. கும்பகோணத்தில் அவருடன் இருந்து பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. வேலையை விட்டுவிட்டுப் போனேன். இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் பழைய அழைப்புகளில் "பர்சனல் ரீசன்ஸ்" என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருந்தேன். ஆன்சர் பேங்கில் இந்தக் கேள்விக்கு நான்கு தயார் பதில்கள் இருந்தன. நான்கில் மூன்று, இடைவெளிக் காலத்தில் ஃப்ரீலான்ஸ் வேலை செய்ததாகவோ நண்பரின் ஸ்டார்ட்அப்பில் பணியாற்றியதாகவோ சொல்லும்படி எழுதப்பட்டிருந்தன. அலுவலகத்தில் இருந்தவரிடம் இது பொய்யல்லவா என்று கேட்டேன். "எல்லாரும் சொல்றதுதான் மேடம், யாரும் செக் பண்ண மாட்டாங்க" என்றார்.

இது தவறான அறிவுரை, அதைவிட மேலாக இது ஆபத்தான அறிவுரை. 2014-இல் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி நிறுவனம் யுஏஎன் என்ற ஒரே நிலையான எண்ணைக் கொண்டுவந்த பிறகு, நாம் எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியில் சேர்ந்தோம், எந்தத் தேதியில் விலகினோம் என்பது அந்த எண்ணின் கீழ் பணி வரலாறாகப் பதிவாகி நிற்கிறது. பின்னணிச் சரிபார்ப்பின்போது அந்தப் பக்கத்தைத் தரச் சொல்லி நிறுவனங்கள் நம்மிடமே கேட்கின்றன. 2022 செப்டம்பரில், போட்டி நிறுவனங்களுக்கும் ஒரே நேரத்தில் வேலை செய்ததாகக் கண்டறிந்து 300 பேரை நீக்கியதாக விப்ரோவின் தலைவர் ரிஷத் பிரேம்ஜி பொதுமேடையில் அறிவித்தது இத்துறையில் இருக்கும் எல்லாருக்கும் நினைவிருக்கும். இல்லாத ஸ்டார்ட்அப்பைச் சொன்னால், அதற்கான அனுபவச் சான்றிதழைக் கேட்பார்கள். அதற்குப் போலிச் சான்றிதழ் வாங்க வேண்டிவரும். அங்கிருந்து திரும்பி வர வழியில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்ட ஒருத்தியை இந்தப் பாதைக்குத் தள்ளும் ஒரு கோப்பை, பணம் வாங்கிக்கொண்டு கொடுப்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

இரண்டாவது பயிற்சி அழைப்பில் இதை நான் பயிற்சியாளரிடம் நேரடியாகக் கேட்டேன். கோப்பைத் தயாரித்தது தான் அல்ல என்றும், அந்தப் பக்கத்தை எடுத்துவிடச் சொல்லியிருப்பதாகவும் சொல்லிவிட்டு, என்னிடம் நடந்ததை அப்படியே இரண்டு வாக்கியங்களில் சொல்லச் சொன்னார். பல முயற்சிகளுக்குப் பிறகு எங்களுக்குக் கிடைத்தது இது: "அம்மாவுக்கு உடல்நிலை சரியில்லாததால் பத்தொன்பது மாதம் வேலையை விட்டு ஊரில் இருந்தேன். இப்போது அவர் நன்றாக இருக்கிறார், நான் சென்னைக்குத் திரும்பிவிட்டேன், கடந்த நான்கு மாதமாக ப்ளேரைட் பயிற்சியில் இருக்கிறேன்." முதல் வாக்கியம் காரணம், இரண்டாவது, கேட்பவர் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் கேள்வியான "மறுபடியும் போய்விடுவாயா?" என்பதற்குப் பதில். பதினோரு உண்மையான அழைப்புகளில் ஒன்றில்கூட இதற்கு மேல் யாரும் துருவவில்லை. இரண்டு பேர் அம்மாவை விசாரித்தார்கள்.

வேலையை மாற்றுவதற்கான காரணம், கையில் வேறு ஆஃபர் உண்டா என்ற இரண்டு கேள்விகளைச் சேவை சுருக்கமாகவே தொட்டது; அது போதுமானதுதான். பழைய நிறுவனத்தைக் குறைசொல்லாமல், புதிய பதவியில் எது நமக்குத் தேவையோ அதைச் சொல்வது. ஆஃபர் இருந்தால் உண்டு என்றும் எந்தத் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றும் சொல்வது, இல்லையென்றால் இல்லை என்பது. ஊரைப் பற்றிய கேள்வியில் மட்டும் ஒரு சிறு குறிப்பு சேர்க்கிறேன். "சென்னை" என்று சொன்னால் போதாது. சிறுசேரியிலும் மணப்பாக்கத்திலும் அலுவலகம் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு, அம்பத்தூரில் குடியிருப்பவர் வாரம் மூன்று நாள் எங்கே வர முடியும் என்பதை அழைப்பிலேயே பேசி முடிப்பது இருவருக்கும் நல்லது.

வெளிநாட்டு வேலைகளுக்கான பகுதி ஏமாற்றமளித்தது. அரை மணி நேரத்தில் அமெரிக்கா, ஐரோப்பா எல்லாவற்றையும் கடந்துவிட்டார்கள். இங்கே சொல்லும் பதில்களையே அங்கும் சொல்லும்படி கற்பித்தார்கள். அது பொருந்தாது. கலிஃபோர்னியாவில் 2018 ஜனவரி முதல் விண்ணப்பதாரரிடம் பழைய சம்பளத்தைக் கேட்பது சட்டப்படி கூடாது. 2023 முதல் அங்கே 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் சம்பள வரம்பை வேலை விளம்பரத்திலேயே குறிப்பிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டுச் சம்பள வெளிப்படைத்தன்மை ஆணையும் பழைய சம்பளத்தைக் கேட்பதைத் தடுக்கிறது; உறுப்பு நாடுகள் அதைத் தம் சட்டமாக்க 2026 ஜூன் 7 வரை அவகாசம் பெற்றிருந்தன. அந்த இடங்களில் நாமாக முந்திக்கொண்டு நம் ரூபாய்ச் சம்பளத்தைச் சொல்வது நமக்கே நட்டம்.

அதைவிட முக்கியமானது, அமெரிக்க விண்ணப்பங்களில் அடுத்தடுத்து வரும் இரண்டு கேள்விகள். இப்போது இங்கே வேலை செய்ய உங்களுக்குச் சட்டபூர்வ அனுமதி உண்டா என்பது ஒன்று. இப்போதோ எதிர்காலத்திலோ விசாவுக்கு நிறுவனத்தின் ஸ்பான்சர்ஷிப் தேவைப்படுமா என்பது மற்றொன்று. அங்கே முதுகலை முடித்து, படிப்புக்குப் பிறகு தற்காலிகமாக வேலை செய்யவிடும் ஓபிடி அனுமதியில் இருக்கும் நம் பிள்ளைகள் முதல் கேள்விக்கு ஆம் என்றும், பின்னாளில் ஹெச்-1பி வேலை விசா வேண்டுமென்றால் இரண்டாவதற்கும் ஆம் என்றும் சொல்ல வேண்டும். அறிவியல், தொழில்நுட்பப் பாடம் படித்தவர்களுக்கு ஓபிடி நீட்டிப்போடு 36 மாதம் கிடைக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால், கேட்பவருக்கு எவ்வளவு காலம் கையில் இருக்கிறது என்பது புரியும். ஆண்டுக்கு 65,000, அமெரிக்க முதுகலைப் பட்டதாரிகளுக்குக் கூடுதலாக 20,000 என்ற ஹெச்-1பி வரம்புக்குள் குலுக்கலில் வர வேண்டும் என்பதால் தயங்கி, இரண்டாவதற்கு இல்லை என்று சொல்லிவிட்டுப் பிறகு மாற்றிச் சொல்வது நம்பிக்கையை ஒரேயடியாகக் கெடுத்துவிடும். வெளிநாட்டு வேலைதான் குறிக்கோள் என்றால் இந்தச் சேவை உங்களுக்கு உதவாது.

சனிக்கிழமை வகுப்புகளில் இருபத்திரண்டு பேர் இருந்தோம். கல்லூரி முடித்த புதியவர்களையும் பத்து ஆண்டு அனுபவம் உள்ளவர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்ததால், யாருக்கும் முழுப் பயன் கிடைக்கவில்லை. புதியவர்களுக்கு சிடிசிப் பிரிப்பும் நோட்டீஸ் பீரியடும் பொருந்தாது. எங்களுக்கு, கல்லூரி அரியர் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்ற பேச்சு பொருந்தாது. ஆங்கில உச்சரிப்புக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியது வீண் என்றே நினைக்கிறேன். எனக்கு வந்த உண்மையான அழைப்புகளில் பாதிக்கு மேல் தமிழும் ஆங்கிலமும் கலந்தே நடந்தன, யாரும் உச்சரிப்பைப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஒரே ஒரு நல்ல பகுதி, போலி ரெக்ரூட்டரை அடையாளம் காண்பது பற்றியது. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், மடிக்கணினிக்கு முன்பணம் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அழைப்பை அங்கேயே முடித்துவிடச் சொன்னதும், ஒரே பதவிக்கு இரண்டு ஆளெடுப்பு நிறுவனங்கள் வழியாக நம் விவரம் போனால் இரண்டுமே நிராகரிக்கப்படலாம் என்பதால் எந்த நிறுவனத்துக்கு யார் வழியாக அனுப்பச் சம்மதித்தோம் என்று தேதியோடு குறித்துவைக்கச் சொன்னதும் பயனுள்ளவை.

பதினோரு அழைப்புகளில் ஏழு தொழில்நுட்பச் சுற்றுக்குப் போயின. இரண்டில் ஆஃபர் வந்தது. இந்த மாற்றம் முழுவதும் பயிற்சியால் வந்தது என்று சொல்ல மாட்டேன். அதே வாரத்தில் என் ரெஸ்யூமேயையும் நௌக்ரி வேலைத் தளத்தில் உள்ள விவரத்தையும் திருத்தினேன், தேடிய பதவிகளையும் சுருக்கிக்கொண்டேன். ஆனால் அந்த முதல் பத்து நிமிடத்தில் நான் இனி தடுமாறுவதில்லை என்பது பயிற்சியின் நேரடிப் பலன்.

சேர நினைப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் மூன்றைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். அழைப்பவர் உண்மையில் ரெக்ரூட்டராக இருந்தவரா என்பது முதலாவது. மொழிப் பயிற்சி ஆசிரியர் அழைத்தால் அந்த டிராக்கர் தாளின் பயன் கிடைக்காது. வகுப்புகளைத் தவிர்த்து அழைப்புகளை மட்டும் வாங்க முடியுமா என்பது இரண்டாவது. எனக்குப் பிறகு சேர்ந்த தோழிக்கு 2,700 ரூபாயும் ஜிஎஸ்டியும் வாங்கிக்கொண்டு மூன்று அழைப்புகளை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாம் அழைப்பை வேறொருவர் நடத்துவாரா என்பது கடைசி. எனக்கு மூன்றையும் ஒரே குரல்தான் நடத்தியது. மூன்றாம் முறைக்குள் அவர் அடுத்து என்ன கேட்பார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒலிப்பதிவுகளை 30 நாளில் அழித்துவிடுகிறார்கள், அதற்குள் தரவிறக்கிக்கொள்ள வேண்டும்.